ஆள் உள்ளை போட்டா

தகடு முழுக்க உறைபனி வெள்ளையாகப் பிடித்திருந்தது. கதவில், நெஞ்சுயரத்தில், ஒரேயொரு இடத்தைத் தவிர. அந்த இடம் ஒரு சில்லறைக் காசளவுக்கு ஈரமாகக் கறுத்து, அதிலிருந்து ஒரு சொட்டு நீர் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

ழான்-லூக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை, சூடு கசிகிறது. அவர் போர்த்திய கூட்டிலா? அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பாரிஸ் கட்டடங்களின் நிலவறைகளில் வெந்நீர்க் குழாய்களுக்குச் சட்டை மாட்டி மாட்டியே தலை நரைத்த மனிதர் அவர். வெளியே கை வைத்தால் பிணம்போலச் சில்லென்று இருக்க வேண்டும், உள்ளே நரகமாகக் கொதிக்க வேண்டும், அதுதான் வேலை என்று சின்னப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு செய்த ஒரே வேலை இது. இதிலும் ஓட்டை என்றால் வாமதேவன் வாய்விட்டுச் சிரிக்க மாட்டானா?

கூடு என்றால் வாமதேவனின் புகைக்கூடு. லா சப்பலில் தெருவைப் பார்த்தபடி அவனுடைய சாப்பாட்டுக் கடை. கடைக்குப் பின்னால் நாலு பக்கமும் சுவர் எழும்பிய ஒரு முற்றம். முற்றத்தின் மறுபக்கம், தரைத்தளத்தில், ழான்-லூக்கும் அவர் மனைவி மதலேனும் குடியிருக்கும் வீடு. முற்றத்து மூலையில் நின்றது கூடு. ஒரு காலத்தில் ஏதோ ரொட்டிக்கடையில் மாவு புளிக்க வைத்த ஆளுயர இரும்பு அலமாரி அது. பக்கத்தில் ஒரு தனி அடுப்பு, அடுப்பிலிருந்து ஒரு குழாய், குழாயின் வாயில் புகையை விடவும் நிறுத்தவும் ஒரு தகடு. உள்ளே கொக்கிகளில், புகையிலேயே வேக, பன்றித்தொடை தொங்கும். கோடையில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குளிர் தொடங்கியதும் இரும்பு சூட்டையெல்லாம் ஊருக்குத் தானம் பண்ணியது. விறகு வண்டி வண்டியாக எரிந்தது. இறைச்சியோ ஒரு பக்கம் கருகி மறுபக்கம் ரத்தம் காட்டியது. இரண்டாம் மாடி மர்கரீத் அம்மாள் புகை வருகிறதென்று ஜன்னலை அடித்து அடித்துச் சாத்தினாள்.

"அண்ணை, உங்கடை தொழில்தானே," என்றான் வாமதேவன். "இதுக்கும் ஒரு கோட்டு தைச்சு விடுங்கோவன்."

தைத்தார். ஆசை ஆசையாகத் தைத்தார். அடியில் ஈரம் ஏறாமல் செங்கல் அடுக்கி, சுற்றிலும் பாறைப்பஞ்சை இரட்டை அடுக்காகப் போர்த்தி, மேலே துத்தநாகத் தகடு அடித்து, மூட்டுக்கு மூட்டு அலுமினிய நாடா ஒட்டி, காற்றுத் துளைகளை மட்டும் மறைக்காமல் விட்டார். கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கக் கண்ணாடி நூல் கயிறு. கதவுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு தாழ்ப்பாள், இரண்டும் வெளிப்பக்கம். சாத்தினால் 'மொத்' என்று ஒரு சத்தம், தலையணையைக் கட்டிலில் போட்ட மாதிரி. அந்த மொத் சத்தத்தைக் கேட்கவே அவர் காரணமில்லாமல் நாலு தடவை திறந்து சாத்தினார். பாறைப்பஞ்சு சூட்டை மட்டுமா தின்னும், சத்தத்தையும் தின்னும்.

இந்த வேலையில் அவருக்குக் கிடைத்த இன்னொரு இன்பம் வாமதேவனின் பேச்சு. அவனுக்கு இறைச்சியெல்லாம் 'ஆள்'தான். "ஆள் நல்லா உப்புக் குடிச்சிட்டார் அண்ணை" என்பான். "ஆள் விடியத்தான் வெளியிலை வருவார்" என்பான். புதுச்சேரிக்காரரான ழான்-லூக்குக்கு இந்த யாழ்ப்பாணத் தமிழ் கேட்கச் சுகமாக இருந்தது. ஆனால் பாதி பிடிபடாது. கெதியா, வடிவா என்று இரண்டு வார்த்தையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிவிடுவார். என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

வீட்டில் கேட்கும் தமிழ் ஒரே தமிழ்தான். "என்னாங்க, ஃப்ருவாவா இருக்குங்க."

மதலேனுக்கு நினைவு தப்பிப்போய்க் கொஞ்ச காலமாகிறது. மகன் பெயர் போயிற்று, ஜெபம் போயிற்று, மணி பார்க்கத் தெரியாமல் போயிற்று. குளிர் ஒன்றுதான், அந்த ஃப்ருவாதான், போகாமல் நின்றது. கோடையிலும் குளிர்ந்தது. சுவரோரத்து வெந்நீர்ச் சூடேற்றியை, ஷோஃபாஜை, கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். இருப்பதிலேயே வெதுவெதுப்பான பக்கத்தைத் தேடி வீட்டுக் கதவுகளையெல்லாம் திறந்து போட்டபடி அலைவாள். ழான்-லூக் பின்னாலேயே போய்ச் சாத்துவார். "கதவச் சாத்து மதலேன்! சூடெல்லாம் வெளிய போவுது!" ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்? முதலில் பொறுமையாகத்தான் சொன்னார். இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சில நாள் கையைப் பிடித்து இழுத்தும் சொன்னார்.

போர்த்துவதற்கு முன்னால், கூடு எரியும் நாட்களில், அவள் முற்றத்துக்கு வந்து அந்த இரும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று என்பதை அவரும் கவனித்தார். போர்த்தி முடித்த மறுநாள் அதே மாதிரி வந்து கன்னத்தை வைத்தாள். துள்ளி விலகினாள். தகடு ஐஸாக இருந்தது.

"சூட்ட எங்கங்க ஒளிச்சு வச்சீங்க?"

பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. கதவை விரியத் திறந்து காட்டினார். "பாரு. ஒரு பொட்டுகூட வெளிய வராது. எல்லாம் உள்ளதான் இருக்கு."

அவள் உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரே, மோதிர விரல் கோணிய அவள் சின்னக் கையைப் பிடித்து, வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

இன்றைக்குத்தான் கூட்டுக்குப் பரீட்சை. காலையிலேயே வாமதேவன் அடுப்பை மூட்டிக் கூட்டைக் காய விட்டிருந்தான். "மத்தியானம் ஆளை உள்ளை விடுவன். பிறகு நீங்கள் புகையைத் திறந்து விடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். மதலேனுக்கு மாத்திரை கொடுத்து, இரண்டு ரஜாயைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டு ழான்-லூக் முற்றத்துக்கு வந்தார். கூட்டின் பின்பக்கம், சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் நுழைந்து, ஒரு மூட்டுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கடைச் சமையலறை ஜன்னலிலிருந்து வாமதேவன் மனைவி கோசலை, புகைபோக்கி விசிறியின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினாள்.

"அண்ணை! ஆள் உள்ளை போட்டா! கதவைச் சாத்துங்கோ, குளிர்!"

ஆளை உள்ளே போட்டாயிற்று. சரி. "ஓம் ஓம்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, நாடாவைக் கடித்து அறுத்து, முன்பக்கம் வந்தார். கூட்டின் கதவு பாதி திறந்துதான் கிடந்தது. உள்ளிருந்து வந்த வெக்கையில் மூக்குக் கண்ணாடி குப்பென்று மங்கிப்போயிற்று. கொக்கிகளுக்குக் கீழே, இருட்டில், வெளுப்பாக ஏதோ நீளமாகத் தெரிந்தது. துணி சுற்றிப் போட்டிருக்கிறான் போல. சாத்தினார். மொத். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். குழாய்த் தகட்டை இழுத்துப் புகையை முழுக்கத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வானம் மங்கி, குளிர் இறுகி, தகட்டில் உறைபனி பூக்கப் பூக்க, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று ரசித்தார். எல்லாம் அழகாகத்தான் நடந்துகொண்டிருந்தது. இந்த ஓட்டை வந்து தொலைந்தது.

ஈரம் இப்போது காசளவில்லை. உள்ளங்கையளவு.

மீதியிருந்த பஞ்சில் ஒரு துண்டு கிழித்து, அந்த இடத்தின்மேல் வைத்து, தகட்டுத் துண்டு ஒன்றால் மூடிக் கையால் அழுத்தினார். கைக்குக் கீழே ஏதோ தட்டியது. டொக். சத்தமென்றுகூடச் சொல்ல முடியாது, விரல் எலும்புக்கு மட்டும் தெரிந்த ஓர் அதிர்வு. சூடேறும் இரும்பு விரியும், விரியும்போது பேசும். இது அவருக்குப் புதிதா என்ன? டொக். டொக். கையை ஒரு சாண் தள்ளி வைத்தார். தட்டலும் ஒரு சாண் தள்ளி வந்தது. அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. கையை எடுத்தார். நின்றது. மறுபடி வைத்தார். உடனே தட்டியது, அதே கைக்குக் கீழே, இந்த முறை வேகமாக.

"சும்மா கெட," என்று இரும்பை அதட்டிவிட்டு, நாலு பக்கமும் நாடா இழுத்து, இரட்டை ஒட்டாக ஒட்டினார். இனி எங்கே கசியும்? திருப்தியாக வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

வீட்டுக் கதவு மல்லாக்கத் திறந்து கிடந்தது.

"ஐயோ, சூடெல்லாம் போச்சு!" அவர்தான் சரியாகச் சாத்தாமல் வந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். இருட்டில் ரஜாய் மேடாகக் குவிந்திருந்தது. தூங்குகிறாள். தூங்கட்டும், கொஞ்ச நேரமாவது மனிதனுக்கு நிம்மதி கிடைக்கட்டும். சமையலறையில் உட்கார்ந்து காப்பி கலந்தார். முற்றத்திலிருந்து புகை மணம் மெல்ல வீட்டுக்குள் வந்தது. ஓக் விறகின் இனிப்பு, உப்பின் காரல், அதற்கடியில் இன்னொன்று, என்னவென்று பிடிபடாத ஒரு வாசனை, சிகைக்காய் தேய்த்த தலையை அடுப்பருகில் காய வைத்தால் எழும்புமே, அந்த மாதிரி. கோப்பையைத் தள்ளி வைத்தார். சுவருக்குள் எங்கோ தட்டியது. டொக். பழைய கட்டடம், ஷோஃபாஜ் குழாயில் தண்ணீர் ஏறும்போது இப்படித்தான் தட்டும், மாலையானால் வழக்கம்தான். டொக், டொக். கை நீட்டி ஷோஃபாஜைத் தொட்டார்.

செத்த சில்லிப்பு. தண்ணீர் ஏறவே இல்லை.

தட்டல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவரை எழுப்பியது. படுக்கையறைக்குப் போனார். விளக்கைப் போடவில்லை, ஏன் போடவில்லை என்று அவருக்கே தெரியாது. "மதலேன்," என்றார். இருட்டில் ரஜாய் மேடாகவே இருந்தது. "என்னா, இன்னும் ஃப்ருவாவா இருக்கா?" தானாக வலியக் கேட்டது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. மேடு அசையவில்லை. கையை வைத்தார். கை அமுங்கிக்கொண்டே போயிற்று. தலையணை. இன்னொரு தலையணை. மெத்தையில் அவள் படுத்த பள்ளம் சில்லிட்டுக் கிடந்தது. கட்டிலுக்கடியில் செருப்பு இல்லை.

குளியலறை, அலமாரி, கதவுக்குப் பின்னால், எங்குமில்லை. தெருவுக்கு ஓடினார். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடத்துக்கொண்டு போயிற்று. நகைக்கடை வெளிச்சமும், சேலைக்கடை பொம்மைகளும், மரக்கறிப் பெட்டிகளும், கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நடக்கும் சனமும். இரவுச்சட்டையோடு ஒரு கிழவி மட்டும் இல்லை. மார்க்ஸ் டோர்மோய் தெருப் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். இந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்குவாள்? மாதாவே, அவளை எங்கேயாவது சூடான இடத்தில் வை என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

பின்வழியாகக் கடைச் சமையலறைக்குள் நுழைந்தார். கோசலை வடைச்சட்டி முன்னால் நின்றாள்.

"கோசலை, மதலேனப் பாத்தியாம்மா?"

"அக்காவோ?" அவள் அகப்பையை எடுத்தபடி திரும்பினாள். "வீட்டிலை இல்லையோ? நான் அப்பவே உங்களுக்குக் கத்திச் சொன்னனே அண்ணை."

"என்னா சொன்ன? நீ கறியப் பத்தி இல்ல சொன்ன?"

"கறியோ? என்ன கறி?"

"ஆளு. ஆள உள்ள போட்டாச்சுன்னு. வாமதேவன் கறிய மாட்டிட்டான்னு."

கோசலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அகப்பையால் மூலையைக் காட்டினாள். "இறைச்சி அங்கை கிடக்கு. இன்னும் மாட்டேல்லை. அவர் விறகு எடுக்கச் சென் தெனிக்குப் போட்டார், இன்னும் வரேல்லை."

மூலையில் பெரிய அலுமினியத் தட்டு. அதில் உப்பும் மிளகும் பூசிய பன்றித்தொடைகள், வெளிறி, ஈரமாக, வரிசையாகப் படுத்திருந்தன. ழான்-லூக் அவற்றைப் பார்த்தார். போட்டார். சென் தெனிக்குப் போட்டார். அவர் காதுக்குள் அந்தச் சொல் மெல்லத் திரும்பிப் படுத்தது.

"போட்டார்னா... போட்டார்னா என்னாம்மா?"

"போயிட்டார் எண்டு. இது என்ன கேள்வி அண்ணை? அக்கா இரவுச்சட்டையோடை முத்தத்துக்கு வந்தவ. கூட்டடியிலை நிண்டவ. நான் சட்டியைப் பாத்திட்டுத் திரும்பினால் ஆளைக் காணேல்லை. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, சரி, உள்ளை போட்டா எண்டு நினைச்சன். உங்கடை வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லித்தான் கத்தினன். நீங்களும் ஓம் ஓம் எண்டியள்..."

அவர் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, அகப்பை கைநழுவி விழுந்தது. "அண்ணை," என்றாள் மெதுவாக. "நீங்கள் எந்தக் கதவைச் சாத்தினியள்?"

ஓடினார்.

முற்றம். இருட்டு. மூலையில் வெள்ளையாகக் கூடு. காற்றுத் துளைகளிலிருந்து புகை நேராக, அமைதியாக எழும்பிக்கொண்டிருந்தது.

கதவு முழுக்கக் கை.

உறைபனியில், உருகி, கறுத்து, ஐந்து விரலும் தனித்தனியாக. நெஞ்சுயரத்தில். இடுப்புயரத்தில். முழங்காலுயரத்தில். கதவில் மட்டுமில்லை. பக்கத் தகட்டில், மூலைகளில், மடக்கிய விரல்களாக, தேய்த்து இழுத்த விரல்களாக. இரட்டைப் பஞ்சைத் தாண்டி ஒரு மனுஷியின் கைச்சூடு வராது. வரவே வராது. அது அவருக்குத் தெரியும், அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் கடைசியாக ஒட்டிய ஒட்டின் நட்டநடுவிலும் ஒரு கை இருந்தது. சின்னக் கை. மோதிர விரல் கொஞ்சம் கோணல்.

"மதலேன்! மதலேன்!"

மேல் தாழ்ப்பாள். விரல் வழுக்கியது. கீழ்த் தாழ்ப்பாள். பின்னால் கோசலை மூச்சிரைக்க ஓடி வருவது கேட்டது. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்தார்.

வெக்கை. இனிப்பான புகை. கண்ணாடி மங்கியது. பிடுங்கி எறிந்தார்.

நின்றுகொண்டிருந்தாள். கொக்கிகளுக்கு நடுவில், நேராக, அவரைப் பார்த்து. தோல் தேக்கு நிறத்தில் இறுகி, எலும்போடு ஒட்டி, எண்ணெய் விட்டுத் துடைத்த மாதிரிப் பளபளத்தது. இரவுச்சட்டை பழுப்பேறி உடம்பில் பதிந்திருந்தது. விரல் நுனிகளில் நகம் இல்லை. கண் இரண்டும் அவித்த முட்டையின் வெள்ளையாக இருந்தன. உயிர் இருக்க முடியாது. அதில் உயிர் இருக்கவே முடியாது. கோசலை அலறத் தொடங்கினாள்.

உதடு பிரிந்தது. உள்ளிருந்து கொஞ்சம் புகை வந்தது. குரல் அவளுடையதுதான், நினைவு தப்பாத காலத்துக் குரல், நிதானமாக, வீட்டுக்காரியின் அதட்டலோடு.

"கதவச் சாத்துங்க. சூடெல்லாம் வெளிய போவுது."

பழுப்புக் கை ஒன்று மெல்ல நீண்டு கதவின் விளிம்பைப் பிடித்தது. அவர் பிடி தளர்ந்துபோயிற்று. கதவு அவர் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது.

மொத்.

மேல் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள். அவர் கண்ணெதிரிலேயே உறைபனி ஓரங்களிலிருந்து பூத்துப் பூத்து வந்தது. ஒவ்வொரு கையாக மூடியது, ஒவ்வொரு விரலாக மூடியது, கோணல் விரலையும் மூடியது. தகடு முழுக்க ஒரே வெள்ளை.

ழான்-லூக் உள்ளங்கையை அதில் வைத்தார். ஐஸாக இருந்தது. எங்கேயும் ஒரு பொட்டுச் சூடு கசியவில்லை.